பெயர் சொல்லுதலும் ஏவுதலும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இச்சங்கத்தின் மேடையிலே சமயமும் இலக்கியமும் பேசப்படுவது வழக்கம். இன்று கணினியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். கணினி என்பதோ கடல் போன்ற விடயம். அதில் ஒரு துளியை மாத்திரம் எடுத்துக்கொண்டேன். செய்நிரல் எழுதும் மொழிகளிலே ஒரு பொருளை அழைத்து, 'இதைச் செய்' என்று ஏவும் வாக்கியம் ஒன்று உண்டு. அவ்வாக்கியத்தை எவ்வாறு அமைத்தல் வேண்டும்? அதன் இலக்கணம் யாது? அவ்விலக்கணத்தைப் பிழைத்தால் வருவது என்ன? இவையே இன்று நான் பேச எடுத்துக்கொண்டவை.

இது கணினி பயில்வோருக்கு மட்டும் உரியது என்று சபையிலுள்ள பெரியோர்கள் எண்ண வேண்டியதில்லை. நன்னூல் கற்றவர்களுக்கு இதிற் பாதி முன்னரே தெரிந்தது என்பதை உரையின் போக்கிலே காட்டுவேன். இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறொன்று. உயர்தர வகுப்பிலே பைதன் என்னும் மொழியைப் பயில்கின்ற மாணவர் பலர் அதன் விதிகளை வாய்ப்பாடு போல மனனஞ் செய்கின்றனர். புள்ளி எங்கே, அடைப்புக்குறி எங்கே, காற்புள்ளி எங்கே என்று இடத்தை அறிகின்றனர். ஏன் என்று அறிய முயல்வதில்லை. விதி பிழைத்தாற் கணினி எப்படியும் சொல்லிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கை முழுவதும் மெய்யன்று. சில பிழைகளைக் கணினி உரத்துச் சொல்லும். வேறு சிலவற்றைச் சொல்லாது. வாய்மூடிக்கொண்டு தவறான காரியத்தைச் செய்துகொண்டே போகும். எவை எவை அப்படிப்பட்டவை என்று அறிந்துகொள்வதே இவ்விலக்கணத்தைக் கற்பதன் முதற்பயன்.

முதலில் வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன். பழைய செய்நிரல்களிலே தரவுகள் ஒரு பக்கத்திலும், அவற்றின்மேற் செய்யப்படும் செயல்கள் வேறொரு பக்கத்திலுமாகக் கிடந்தன. 1960களில் நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரிலே ஒலே யொஹான் டால், கிறிஸ்தென் நிகார்ட் என்னும் இருவர் ஒரு தரவையும் அதற்குரிய செயல்களையும் சேர்த்துக் கட்டி, அக்கட்டினைப் 'பொருள்' என்னும் ஓர் அலகாக்கினர். அவர்கள் ஆக்கிய மொழி சிமுலா 67. பொருளின் பெயரை முன்னும் அதன் செயலின் பெயரைப் பின்னும் எழுதி, இடையிலே ஒரு புள்ளி வைக்கும் வழக்கம் அம்மொழியிலே காணப்படுகிறது. இப்பணிக்காக அவ்விருவருக்கும் 2001ஆம் ஆண்டுக்குரிய ரியூறிங் விருது வழங்கப்பட்டது. 1970களிலே அமெரிக்காவில் செறொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வுகூடத்திலே அலன் கே முதலியோர் ஸ்மோல்ரோக் என்னும் மொழியை ஆக்கினர். கணித்தல் என்பதே பொருள்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புதல் என்பது அவர்கள் கொள்கை. இவற்றின் வழியிலே பின்வந்த மொழிகளுள் ஒன்று பைதன். ஒல்லாந்து நாட்டவராகிய கைடோ வான் றொசம் என்பவர் அதனை 1989ஆம் ஆண்டு மார்கழியிலே தொடங்கி, 1991ஆம் ஆண்டிலே வெளியிட்டார். அப்பெயர் பாம்பைக் குறித்து வந்ததன்று. பிரித்தானியத் தொலைக்காட்சியின் நகைச்சுவைக் குழு ஒன்றின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது.

இனி வாக்கியத்துக்கு வருவோம். நாம் கோயிலுக்குப் போகின்றோம். குருக்களைக் கண்டு, 'ஐயா, ரேவதி என்ற பெயருக்கு, ரோகிணி நட்சத்திரம், ஓர் அருச்சனை செய்யுங்கோ' என்கின்றோம். இந்த வேண்டுகோளிலே மூன்று கூறுகள் உள. யாரை அழைக்கின்றோம்? குருக்களை. எதனைச் செய்யுமாறு கேட்கின்றோம்? அருச்சனையை. அதற்கு வேண்டிய விவரங்கள் யாவை? பெயரும் நட்சத்திரமும். இதனைப் பைதன் மொழியில் எழுதினால் இவ்வாறு வரும்:

குருக்கள்.அருச்சனை("ரேவதி", "ரோகிணி")

இது வேடிக்கைக்காக எழுதியதன்று. 2008ஆம் ஆண்டு வெளிவந்த பைதன் 3.0 முதலாக, பொருளுக்கும் செயலுக்கும் நாம் இடும் பெயர்கள் தமிழெழுத்திலே இருக்கலாம். 'குருக்கள்' என்னும் பொருளையும் 'அருச்சனை' என்னும் செயலையும் முன்னரே வரையறுத்திருந்தால், இந்த வரி உள்ளபடியே இயங்கும். கணினி நூலார் செயலை மெதட் என்றும், அடைப்புக்குறிக்குள்ளே தரும் விவரங்களை ஆகியூமென்ற் என்றும் வழங்குவர். நான் அவற்றைச் செயல் என்றும் விவரம் என்றுமே சொல்லிச் செல்வேன்.

இந்த வரியிலே உள்ள குறிகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம். முதலாவது புள்ளி. அது 'இன்னாருடைய இன்னது' என்னும் உடைமையைக் காட்டுவது. தமிழிலே ஆறாம் வேற்றுமை செய்யும் வேலையை இங்கே புள்ளி செய்கிறது. குருக்களுடைய அருச்சனை வேறு. புகைப்படக்காரர் ஒருவருக்கு அருச்சனை என்ற செயலே இல்லை. ஆகவே எவருடைய செயல் என்பது முதலிலே தெரிதல் வேண்டும். இப்புள்ளி பற்றி ஒரு சிறு நுட்பம் உண்டு. 5 என்னும் எண்ணும் பைதனிலே ஒரு பொருளே; அதற்கும் செயல்கள் உண்டு. ஆனால் 5 என எழுதி, உடனே புள்ளி வைத்து, செயலின் பெயரை எழுதினாற் கணினி ஏற்காது. அது அப்புள்ளியைத் தசமப்புள்ளி என்று எண்ணிவிடுகிறது. 5ஐ அடைப்புக்குறிக்குள் இட்டுப் பின்னர்ப் புள்ளி வைத்தால் ஏற்கும். ஒரே குறிக்கு இரண்டு வேலை இருக்குமாயின் எந்த வேலை என்பதை எழுதுபவனே ஐயமறக் காட்டுதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது அடைப்புக்குறி. என் உரையின் உயிர்நிலை இதுவே. பின்வரும் இரண்டு வரிகளையும் நோக்குங்கள்:

குருக்கள்.அருச்சனை
குருக்கள்.அருச்சனை("ரேவதி", "ரோகிணி")

மேலே உள்ள வரியிலே அடைப்புக்குறி இல்லை. அவ்வரியைக் கணினிக்குக் கொடுத்தால் என்ன நிகழும்? அருச்சனை நிகழாது. பிழையென்ற அறிவிப்பும் வராது. ஏனெனில் பைதனிலே அடைப்புக்குறியின்றிச் செயலின் பெயரைச் சொல்வது அச்செயலைச் சுட்டுவது மாத்திரமே. செய்யென்று ஏவுவது அன்று. தமிழிலக்கணத்திலே இவ்வேறுபாடு நாம் நன்கறிந்ததே. 'பாடுதல்' என்பது தொழிற்பெயர். 'பாடு' என்பது ஏவல் வினை. பாடுதல் என்று நூறுமுறை சொன்னாலும் ஒருவரும் பாடத் தொடங்கார். தமிழிலே இவ்வேறுபாட்டை விகுதி காட்டுகிறது. பைதனிலே அடைப்புக்குறி காட்டுகிறது. அடைப்புக்குறியற்ற செயற்பெயர் தொழிற்பெயர் என்றும், அடைப்புக்குறி பெற்றது ஏவல் வினை என்றும் நினைவில் வைத்துக்கொண்டால் இவ்விதி ஒருகாலும் மறவாது. விவரம் ஒன்றும் தரவேண்டாத செயலாயினும், உள்ளே வெறுமையாக விட்டு அடைப்புக்குறியை இட்டே தீரவேண்டும்.

தொழிற்பெயரால் என்ன பயன், ஏன் அதற்கு இடமளித்தார்கள் என்று ஒருவர் கேட்கலாம். பயன் உண்டு. பெயர்ப் பட்டியல் ஒன்றை எழுத்தின் நீளத்தை நோக்கி வரிசைப்படுத்த வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். வரிசைப்படுத்தும் செயலுக்கு 'நீளம் அளத்தல்' என்னும் வேறொரு செயலை நாம் விவரமாகக் கொடுக்கின்றோம். இப்போதே அளக்குமாறு நாம் சொல்லவில்லை. 'வேண்டியபோது இதனைக் கொண்டு அளந்துகொள்' என்கின்றோம். அங்கே அடைப்புக்குறி இடலாகாது. கருவியைக் கையிலே கொடுப்பது வேறு. கருவியை இயக்குவது வேறு. இரண்டுக்கும் இடமிருப்பதாலேயே அடைப்புக்குறி இன்மையைக் கணினி பிழையென்று கொள்வதில்லை.

ஆனால் அந்த வசதியே ஓர் அபாயத்துக்கும் வாயிலாகிறது. ஓர் உண்மை உதாரணத்தைக் கூறுவேன். இணையத்தளங்களைக் கட்டுவதற்குப் பைதன் மொழியிலே ஜாங்கோ என்னும் கட்டமைப்பு ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டு பொதுமக்கள் பாவனைக்கு வெளியிடப்பட்டது. தளத்துக்கு வருபவர் தம் அடையாளத்தை மெய்ப்பித்தவரா என்று வினவுவதற்கு அதிலே ஒரு செயல் இருந்தது. 'ஆம்' என்றால் உள்ளே விடலாம். 'இல்லை' என்றால் வாயிலிலே நிறுத்த வேண்டும். இதனைத் தமிழாக்கினால் நிபந்தனை இவ்வாறு அமையும்:

வருபவர்.மெய்ப்பித்தவரா()

எழுதுபவர் இறுதியிலுள்ள அடைப்புக்குறியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? வினா வினவப்படாது, வினாவின் பெயர் மாத்திரம் நிற்கும். பைதனிலே பூச்சியம், வெறும் பட்டியல், 'ஒன்றுமில்லை' முதலிய சிலவே பொய்யாகக் கொள்ளப்படும். பிற பொருள்கள் பொதுவாக மெய்யாகவே கொள்ளப்படும். செயல் ஒன்றும் ஒரு பொருளாதலால் அதுவும் மெய்யே. எனவே நிபந்தனை எப்பொழுதும் 'ஆம்' ஆகும். வருபவர் யாராயினும் கதவு திறக்கும். காவற்காரன் நிற்கிறான், ஆனால் யாரையும் எதுவும் கேட்கின்றானில்லை. செய்நிரலோ ஒரு முறைப்பாடும் இன்றி ஓடும். சோதிப்பவர் தம் சொந்தக் கணக்கினாற் புகுந்து பார்த்தால், கதவு முறைப்படி திறந்ததாகவே தோன்றும்.

குழப்பத்துக்கு மற்றொரு காரணமும் இருந்தது. ஜாங்கோவிலே பக்கத்தின் தோற்றத்தை எழுதும் வார்ப்புருக்களுக்குத் தனி மொழி ஒன்று உண்டு. அங்கே அடைப்புக்குறி எழுத இடமில்லை. பெயரைச் சொன்னாலே செயல் நிகழும். ஒரே பெயரை ஓரிடத்தில் அடைப்புக்குறியின்றியும் மற்றோரிடத்தில் அடைப்புக்குறியோடும் எழுத வேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டு வெளிவந்த ஜாங்கோ 1.10இலே இதனைச் செயல் என்ற நிலையிலிருந்து பண்பு என்ற நிலைக்கு மாற்றினர். பண்புக்கு அடைப்புக்குறி வேண்டியதில்லை. பெயரைச் சொன்னாலே உரிய விடை வரும். மனிதர் மறக்கக்கூடிய இடத்திலே விதியையே மாற்றி அமைத்தது நல்ல முடிபென்றே நான் கருதுகிறேன். ஆயினும் உலகிலுள்ள எல்லாச் செயல்களையும் அவ்வாறு மாற்ற இயலாது. ஆகவே நம் கை கவனமாயிருத்தல் வேண்டும்.

ஒரு சிறு குறியினால் இத்தனை வேறுபாடா என்று வியப்பவர்கள் தமிழை நினைத்துப் பார்க்கட்டும். 'வேலை தேடினான்' என்றால் தொழில் தேடினான். 'வேலைத் தேடினான்' என்றால் வேலாயுதத்தைத் தேடினான். இடையில் வந்தது ஒரே ஒரு தகர ஒற்று. மிசன் பாடசாலையிலே ஆங்கில வாக்கியங்களைக் கூறுபிரித்துப் பயின்ற காலத்திலும், தமிழ் வகுப்பிலே ஒற்று மிகும் இடங்களைப் பயின்ற காலத்திலும், இவை இரண்டும் ஒரே கல்வியின் இரு கிளைகள் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. ஆறுமுக நாவலர் அவர்கள் இதனை நன்குணர்ந்தவர். 1822இலே நல்லூரிற் பிறந்து, வெஸ்லியன் மிசன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பின்னர்ச் சைவத்துக்கும் தமிழுக்கும் தம்மை ஒப்படைத்தவர். தமிழ் உரைநடையை அச்சிலே ஏற்றியபொழுது காற்புள்ளி முதலிய குறிகளைப் புகுத்தி, படிப்பவர் தடுமாறாவண்ணம் வாக்கியங்களைப் பிரித்துக் காட்டினார். குறி என்பது அலங்காரம் அன்று, பொருளின் காவல் என்பது அவர் செய்கையால் விளங்கும்.

மூன்றாவதாக, அடைப்புக்குறிக்குள்ளே வரும் விவரங்களைப் பார்ப்போம். நான் வேண்டுமென்றே ரேவதி, ரோகிணி என்னும் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். இரண்டும் பெண்களுக்கு இடும் பெயர்கள். இரண்டும் நட்சத்திரங்களின் பெயர்கள். குருக்களிடம் 'ரேவதி, ரோகிணி' என்று மாத்திரம் சொன்னால் எது பெயர், எது நட்சத்திரம்? கேட்பவர் மனிதராகையால், 'பிள்ளையின்ர பேர் எது?' என்று திருப்பிக் கேட்பார். கணினி கேட்காது. வரையறையிலே பெயர் முதலாவது, நட்சத்திரம் இரண்டாவது என்று இருந்தால், முதலில் வந்ததைப் பெயர் என்றும் அடுத்து வந்ததை நட்சத்திரம் என்றும் எடுத்துக்கொள்ளும். மாற்றிக் கொடுத்தால் ரோகிணிக்கு ரேவதி நட்சத்திரத்திலே அருச்சனை நடந்துவிடும். அறிவிப்பு ஒன்றும் வராது. இரண்டும் எழுத்துத் தொடர்களே ஆதலாற் கணினிக்குக் குறை தோன்றாது.

இதற்குப் பரிகாரம் பைதனிலேயே உண்டு:

குருக்கள்.அருச்சனை(நட்சத்திரம்="ரோகிணி", பெயர்="ரேவதி")

இங்கே ஒவ்வொரு விவரத்துக்கும் அதன் பெயரைச் சொல்லிச் சமன் குறியிட்டுக் கொடுத்தோம். ஆகவே வரிசை மாறியும் பொருள் மாறவில்லை. தமிழிலும் இதுவே நிகழ்கின்றது. 'கந்தன் மாட்டைக் கட்டினான்' என்றாலும், 'மாட்டைக் கந்தன் கட்டினான்' என்றாலும் கட்டியவன் கந்தனே. காரணம், 'ஐ' என்னும் வேற்றுமை உருபு மாட்டோடு ஒட்டிக்கொண்டு அதன் தொழிலைச் சொல்கிறது. ஆங்கிலத்திலோ பெயர்களை இடம் மாற்றினால் மாடு கந்தனைக் கட்டிவிடும். இடத்தால் அறியப்படும் விவரம் ஆங்கில வழி. பெயரால் அறியப்படும் விவரம் தமிழ் வழி. பைதன் இரண்டுக்கும் இடமளிக்கிறது. ஆனால் இரண்டையும் கலந்தால் ஓர் ஒழுங்கு வேண்டும். இடத்தால் அறியப்படுபவை முன்னும், பெயர் சொல்லிக் கொடுப்பவை பின்னும் வரல் வேண்டும். இதனைப் பிழைத்தாற் செய்நிரல் தொடங்குமுன்னரே கணினி மறுத்துவிடும். ஒரே விவரத்தை இடத்தாலும் பெயராலும் இருமுறை கொடுத்தால், அந்த வரி இயங்கும்போது மறுக்கும். இவை உரத்துச் சொல்லப்படும் பிழைகள். ஆகவே அஞ்சத்தக்கவை அல்ல.

செயலை வரையறுப்பவர் வேறொரு உதவியும் செய்யலாம். வரையறையிலே ஓர் உடுக்குறியை இட்டால், அதற்குப் பின்வரும் விவரங்களைப் பெயர் சொல்லியே கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாகும். இவ்வசதி பைதன் 3.0இல் வந்தது. அதற்கு மறுதலையாக, ஒரு சாய்கோட்டினை இட்டால், அதற்கு முன்வருபவற்றை இடத்தாலேயே கொடுக்க வேண்டும். இது 2019ஆம் ஆண்டு பைதன் 3.8இல் வந்தது. பெயரும் நட்சத்திரமும் போல மாறிப்போகக்கூடிய விவரங்கள் உள்ள இடத்தில் உடுக்குறி இடுவது பின்வருபவர்க்குச் செய்யும் உபகாரம்.

நான்காவதாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு விவரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். செயலை வரையறுக்கும்போது பைதனிலே முதல் விவரமாக, அழைக்கப்படும் பொருளையே குறிக்கும் ஒரு பெயரை எழுதுவர். 'செல்ஃப்', அதாவது 'தான்', என்று அதை வழங்குவர். அழைக்கும்போது அதனை நாம் கொடுப்பதில்லை. புள்ளிக்கு முன்னே நிற்கும் குருக்களே முதல் விவரமாகத் தாமாகச் சென்று அமர்ந்துவிடுகிறார். இதனை அறியாத மாணவர் ஒருவர், பெயர், நட்சத்திரம், ஊர் என மூன்று விவரங்களைக் கொடுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'மூன்றை ஏற்கும் செயலுக்கு நான்கு தரப்பட்டன' என்ற கருத்தில் அறிவிப்பு வரும். கொடுத்தது மூன்றே, நான்காவது எங்கிருந்து வந்தது என்று அவர் திகைப்பார். நான்காவது குருக்கள்தாம். தமிழ் வாக்கியத்திலே தோன்றா எழுவாய் நிற்பது போல அழைப்பிலே இந்தத் 'தான்' நிற்கிறது.

ஐந்தாவது, அழைப்பின்மேல் அழைப்பாகத் தொடுத்தல். ஒரு செயலின் விடையாக வருவதும் ஒரு பொருளே ஆதலால், அதன்பின் மீண்டும் புள்ளி வைத்து அடுத்த செயலை ஏவலாம். மாலை தொடுப்பது போல இடமிருந்து வலமாக இது செல்லும். ஒருவர் தட்டிய பெயரின் இருபுறத்து வெறுமையையும் நீக்கி, வந்த விடையிலுள்ள ஓர் எழுத்தை மாற்றி, அதன் விடையைப் பிரித்து என்று மூன்று செயல்களை ஒரே வரியிற் கூறலாம். ஆனால் ஒவ்வொரு செயலும் எதனை விடையாகத் தருகிறது என்பதை அறிந்தே தொடுத்தல் வேண்டும்.

இங்கேதான் பலர் இடறுவர். பைதனிலே பட்டியலை வரிசைப்படுத்தும் 'சோர்ட்' என்னும் செயல் அந்தப் பட்டியலையே இடத்திலே மாற்றியமைக்கும். விடையாக ஒன்றையும் தராது. ஆகவே பின்வருமாறு எழுதினால்,

பெயர்கள் = பெயர்கள்.சோர்ட்()

வலப்பக்கத்தே வரிசைப்படுத்தல் நிகழும். வந்த 'ஒன்றுமில்லை' என்னும் விடை இடப்பக்கத்துப் பெயரிலே போய் அமரும். பட்டியல் கைவிட்டுப் போகும். இலக்கணத்திலே ஒரு குற்றமும் இல்லை, பொருளிலே குற்றம். அடைப்புக்குறியை மறந்து, 'பெயர்கள்.சோர்ட்' என்று மட்டும் எழுதினாலோ பட்டியல் தப்பும். ஆனால் வரிசைப்படாமல் இருந்தபடியே இருக்கும். சோர்ட் ஏன் பட்டியலையே விடையாகத் தரலாகாது என்பதற்குக் கைடோ வான் றொசம் 2003ஆம் ஆண்டிலே காரணம் எழுதியிருக்கிறார். பொருளை மாற்றும் செயல்களை மாலையாகத் தொடுத்தால், எது மாறியது, எது புதிதாக வந்தது என்று படிப்பவர்க்குத் தெரியாது போகும் என்பது அவர் கருத்து. எழுதுபவரின் வசதியைக் காட்டிலும் படிப்பவரின் தெளிவு பெரிது என்று அவர் கொண்டார். பழைய பட்டியலை மாற்றாது புதிய பட்டியலைப் பெற விரும்புவோர்க்கு வேறொரு செயலும் அம்மொழியில் உண்டு.

இவ்விதிகள் எல்லா மொழிக்கும் பொதுவானவையோ எனின், அல்ல. யப்பானியராகிய யுகிஹிரோ மட்சுமொட்டோ 1995ஆம் ஆண்டிலே வெளியிட்ட றூபி என்னும் மொழியை நோக்குக. அதிலே புள்ளி வைத்துச் செயலின் பெயரைச் சொன்னாலே ஏவல் ஆகிவிடும். அடைப்புக்குறி பெரும்பாலும் விருப்பத்துக்கு உரியது. அச்சுதந்திரத்துக்கும் ஒரு விலை உண்டு. எண்ணை இரண்டால் பெருக்கும் 'இரட்டி' என்னும் செயல் இருப்பதாகக் கொள்வோம். இரட்டி(3) + 1 என்று இடைவெளியின்றி எழுதினால் விடை 7. இரட்டி (3) + 1 என்று பெயருக்குப்பின் ஓர் இடைவெளி விட்டு எழுதினால் விடை 8. ஏனெனில் இரண்டாவதிலே 3ஐயும் 1ஐயும் கூட்டிய பின்பே செயலுக்குக் கொடுக்கப்படுகிறது. பைதனிலோ அந்த இடைவெளியால் ஒரு வேறுபாடும் இல்லை. ஸ்மோல்ரோக் மொழி இன்னொரு வழியிலே செல்கிறது. கூட்டலும் பெருக்கலும் அங்கே சமமான செய்திகள். இடமிருந்து வலமாகவே அனுப்பப்படும். எனவே 2 + 3 * 4 என்பதற்கு அங்கே விடை 20. நாம் பள்ளியிற் கற்ற விடையாகிய 14 வரவேண்டுமாயின் பெருக்கலை அடைப்புக்குறிக்குள் இடுதல் வேண்டும். ஒரு மொழியிலே பழகிய கை மற்றொரு மொழியிலே அதே நம்பிக்கையோடு எழுதலாகாது. ஒவ்வொரு மொழியும் தன்னைப் பயில்வோரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொள்கிறது. அவ்வுடன்படிக்கையை வாசித்த பின்னரே ஒப்பமிடுதல் முறை.

இளைஞர்களே, இனி உங்களுக்கென்று சில சொல்வேன். செயல் ஒன்றின் பெயரை எழுதுமுன், 'நான் இதனைச் சுட்டுகின்றேனா, ஏவுகின்றேனா?' என்று உங்களையே கேளுங்கள். ஆம் அல்லது இல்லை என விடை வரவேண்டிய நிபந்தனைகளில் இக்கேள்வியை இருமுறை கேளுங்கள். 'இல்லை' என்று விடை வரவேண்டிய ஒருவரைக் கொண்டும் வாயிலைச் சோதித்துப் பாருங்கள். உள்ளே விடவேண்டியவர் உள்ளே வந்தார் என்பது காவல் நன்றாயிருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. வெளியே நிற்கவேண்டியவர் வெளியே நின்றார் என்பதே சான்று. ஒரே வகையான விவரங்கள் இரண்டு வருமிடத்திலே பெயர் சொல்லிக் கொடுங்கள். ஒரு செயலின் விடை இன்னதென்று அறியாமல் அதன்பின் அடுத்த புள்ளியை வைக்காதீர்கள்.

கணினியைக் கற்க ஆங்கிலமே எல்லாம் என்று நம்மிற் பலர் மனங்குன்றி இருக்கின்றனர். ஆங்கிலம் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று நாம் பார்த்தவற்றுள் உடைமை, தொழிற்பெயர், ஏவல், வேற்றுமை உருபு, தோன்றா எழுவாய் ஆகிய அனைத்தும் நம் ஊர்ப் பாடசாலையிலே, தமிழ் வகுப்பிலே, நாம் கற்றவையே. அக்கல்வியைப் பரீட்சையோடு மறந்துவிடாது கையில் எடுத்துக்கொண்டு வருபவர்க்கு இவ்விலக்கணம் அந்நியமாகத் தோன்றாது. வார இறுதியிலே சங்க மண்டபத்தில் மாணவர்க்கு இலவச வகுப்புகள் நடத்தலாமென்று செயற்குழுவிலே பேச்சு நடைபெறுகிறது. அது கைகூடுமாயின், பைதன் கற்பிக்க நானும் வருவேன். தமிழிலக்கணம் கற்ற ஆசிரியர் ஒருவரும் உடன் வரவேண்டும் என்பது என் வேண்டுகோள்.